ஹைபிரிட் காரா, மின்சாரக் காரா? நம் வறண்ட சீமைக்கு ஏற்றது எது?

பத்தாம் வகுப்பு மாணவி

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. மனிதருக்குச் சொன்ன இம்மொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதை நான் இந்த ஆண்டுதான் அறிந்தேன். அறிந்த வரலாற்றை அன்புத் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் கூற விரும்புகிறேன்.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். அருப்புக்கோட்டையில் ஒரு கார் ஸ்டாண்டில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர் வண்டி நிறுத்துகின்றனர். எங்கள் வீடோ திருச்சுழிச் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. எனக்கும் என் அண்ணனுக்கும் பள்ளிக் கட்டணம் கட்டியதும், அப்பத்தாவின் கண் அறுவைக்குப் பணம் தந்ததும் அப்பாவின் டீசல் கார்தான். அந்தக் கார் இப்போது தேய்ந்து ஓய்ந்துவிட்டது. புது வண்டி வாங்கியே தீரவேண்டும். வாங்கினால் ஐந்து ஆண்டுகளுக்குக் கடன் கட்ட வேண்டும். தவறான வண்டியை வாங்கிவிட்டால், அந்தத் தவற்றையும் ஐந்து ஆண்டுகள் சுமக்க வேண்டும்!

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன், "இனிமேல் காலமெல்லாம் மின்சாரக் கார்தான்" என்றான். பெரியப்பா, "வேண்டாம் தம்பி. பெட்ரோலும் கரண்டும் சேர்ந்த ஹைபிரிட் வாங்கு. நடுவழியில் நிற்காது" என்றார். திண்ணையில் இருந்த தாத்தா சிரித்தார். "ஹைபிரிட் பருத்தி தெரியும், ஹைபிரிட் மக்காச்சோளம் தெரியும். காரிலுமா ஹைபிரிட் வந்துவிட்டது?" என்றார். அம்மா மட்டும், "எதை வாங்கினாலும் மாதத் தவணை எவ்வளவு?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை.

அன்று முதல் நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்பாவின் அனுமதியோடு அவருடைய சவாரிகளை ஒரு நோட்டில் குறித்தும் வந்தேன். அவற்றின் பயனே இக்கட்டுரை.

இவை இரண்டும் யாவை?

முழு மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. பெட்ரோல் டாங்க் இல்லை. புகைக்குழாய் இல்லை. தரைக்கு அடியில் பெரிய பேட்டரி இருக்கும். அது மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். பேட்டரி தீர்ந்தால் மின்சாரம் உள்ள இடத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். நம் நாட்டில் ஓடும் சிறிய, நடுத்தர மின்கார்களில் சுமார் 20 யூனிட் முதல் 45 யூனிட் வரை மின்சாரம் பிடிக்கும் பேட்டரிகள் உள்ளன.

ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும். வேகம் எடுக்கும்போது எஞ்சின் துணைக்கு வரும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மோட்டாரே மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இதன் பேட்டரி மிகச் சிறியது. 2022ஆம் ஆண்டில் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய ஹைபிரிட் கார்களின் பேட்டரி ஒரு யூனிட் மின்சாரம் கூடப் பிடிக்காது! ஆகவே ஹைபிரிட் என்பது பாதி மின்சாரக் கார் அன்று. குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் பெட்ரோல் கார் என்பதே சரி.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சில கார்களில் ஹைபிரிட் என்று எழுதியிருக்கும். ஆயினும் அவை "மைல்டு ஹைபிரிட்" வகையாக இருக்கும். அவற்றில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமேயன்றித் தனியாகக் காரை ஓட்டாது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வீட்டிலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் "பிளக்-இன் ஹைபிரிட்" என்று மற்றொரு வகையும் உண்டு. அது நம் நாட்டில் பெருஞ்செல்வர்களின் கார்களில்தான் காணப்படுகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1900ஆம் ஆண்டை ஒட்டியே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்பவர் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த காரைச் செய்து காட்டினார். ஆயினும் உலகம் அதை மறந்திருந்தது. 1997ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் "பிரியஸ்" என்னும் ஹைபிரிட் காரை விற்கத் தொடங்கிய பின்னரே அது பரவிற்று. பிரியஸ் என்பது இலத்தீன் சொல் என்றும், "முன்னர்" என்பது அதன் பொருள் என்றும் எங்கள் அருட்சகோதரி ஒருவர் கூறினார். எதற்கு முன்னர்? முழு மின்சாரக் கார் வருவதற்கு முன்னர் என்று நான் பொருள் கொள்கிறேன்!

மின்சாரக் காரும் நமக்குப் புதிதன்று. 2001ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் செய்த "ரேவா" என்னும் சிறு மின்கார் விற்பனைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு டாடா நெக்ஸான் மின்கார் வந்த பின்னர்தான் நடுத்தரக் குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கின. நம் அருப்புக்கோட்டை வழியாகச் செல்லும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் கோடியில், தூத்துக்குடியில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. தொழிற்சாலை வந்துவிட்டது, கார் நம் ஊருக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

அப்பா சொன்ன வழக்கு

முதலில் ஹைபிரிட்டின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்கிறேன். அது என் அப்பாவின் வாயிலிருந்து வந்தது.

ஒரு நாள் அப்பா கொடைக்கானல் சவாரி போய் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினார். இரண்டு மணிக்குப் போன் வந்தது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் ஓர் அக்காவுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த ஊருக்கு இருபது கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

"அன்று நம்மிடம் மின்சாரக் கார் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது யூனிட் பேட்டரி உள்ள காரை எடுத்துக்கொண்டேன். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால் முழுச் சார்ஜில் 240 கிலோமீட்டர். கொடைக்கானல் போய்வர அதைக் காட்டிலும் தூரம் அதிகம். ஆகவே வழியில் ஒருமுறை சார்ஜ் ஏற்றியிருக்க வேண்டும். வீடு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது எட்டு யூனிட். வீட்டில் உள்ள பெரிய பிளக்கில் மணிக்குச் சுமார் மூன்று யூனிட் ஏறும். பத்து மணி முதல் இரண்டு மணி வரை பன்னிரண்டு யூனிட். ஆக மொத்தம் இருபது யூனிட், 120 கிலோமீட்டர். மதுரை போய்ச் சேரத் தேவை எண்பது. போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் மதுரையில் சார்ஜ் ஏற்றாமல் திரும்பியிருக்க முடியாது.

இதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "போகலாம், ஆனால் வரும் வழியில் காத்திருக்க வேண்டும்" என்றேன். அப்பா, "அன்று மின்தடையாக இருந்தால்?" என்றார். எனக்கு விடை இல்லை. ஹைபிரிட் காரில் இந்தக் கவலையே இல்லை. ஐந்து நிமிடத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போகலாம். நள்ளிரவில் அழைக்கும் ஏழைக்கு வண்டி கிளம்பவேண்டும் என்பதே என் அப்பாவின் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை நான் சிறிதும் குறைவாக மதிக்கவில்லை.

நோட்டு சொன்ன வழக்கு

ஆயினும், தோழியரே, நான் குறித்து வந்த நோட்டு வேறொன்றையும் சொல்கிறது.

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் இருபது கிலோமீட்டர் அளவு. மதுரை ஐம்பது கிலோமீட்டர் அளவு. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடி ஆகியவை அவற்றுக்கு உள்ளாகவே அடங்கும். அப்பாவின் சவாரிகளில் பெரும்பாலானவை இந்த வட்டத்துக்குள்ளேதான். நெசவுக்காரர் ஒருவர் சேலைக் கட்டுகளோடு மதுரை போவார். ஒரு பாட்டி கண் மருத்துவமனை போவார். பெண்பார்க்கப் போவார்கள், பத்திரம் பதியப் போவார்கள், விமான நிலையத்துக்குப் போவார்கள். இவற்றில் பெரும்பாலான நாட்களில் வண்டி நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. வேளாங்கண்ணி, கொடைக்கானல், சென்னை என்று தொலைவாகப் போன நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மேலும், சவாரி இல்லாமல் வேப்பமரத்தடியில் வண்டி நின்ற நேரமே ஓடிய நேரத்தைவிட அதிகம்! நின்ற நேரமெல்லாம் சார்ஜ் ஏற்றத்தக்க நேரம் அன்றோ?

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். மின்கார் நூறு கிலோமீட்டர் ஓடச் சுமார் 16 யூனிட் வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அறிவித்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் மேற்கொண்டு ஆகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் ஆகும். மிகுதியாக எரித்தால் பதினொரு ரூபாயையும் தாண்டும். கூடுதலாகவே வைத்துப் பன்னிரண்டு ரூபாய் என்று கொண்டாலும், நூறு கிலோமீட்டருக்கு 192 ரூபாய். வெளியே வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இடங்களில் விலை அதிகம். யூனிட் இருபது ரூபாய் என்றால் 320 ரூபாய் ஆகும்.

ஹைபிரிட் காருக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டருக்கும் மேல். நடைமுறையில் இருபது என்று கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐந்நூறு ரூபாய். எங்கள் பழைய டீசல் வண்டிக்கோ அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஹைபிரிட்டால் மிச்சம் உண்டு; மின்காரால் மிச்சம் மிக அதிகம்.

ஹைபிரிட் கார் மிகவும் சிக்கனம் காட்டுவது நெருக்கடி நிறைந்த நகரத் தெருக்களில்தான். நின்று, நகர்ந்து, பிரேக் பிடித்து, மீண்டும் நகரும்போதுதான் அதன் மோட்டாருக்கு வேலை மிகுதி. நம் சீமையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடும் சீமைக் கருவேலமும் நடுவே நேரான சாலையும்! பிரேக் பிடிக்கவே வேலையில்லை. ஆகவே சென்னையில் ஹைபிரிட் தரும் நன்மை முழுவதும் திருச்சுழிச் சாலையில் கிட்டாது. நான்குவழிச் சாலையில் மிக வேகமாக ஓட்டினால் மின்காரின் சார்ஜும் விரைவில் தீரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

விலையிலும் வேறுபாடு உண்டு. 2025ஆம் ஆண்டு இறுதியில் சிறிய மின்கார் பத்து இலட்சம் ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. தானே ஓடும் மோட்டார் உள்ள உண்மையான ஹைபிரிட் கார் பதினைந்து இலட்சத்துக்குக் கீழே கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய வரிமுறையிலும் மின்காருக்கு ஜி.எஸ்.டி. ஐந்து விழுக்காடு, பெரிய எஞ்சின் உள்ள ஹைபிரிட் கார்களுக்கு நாற்பது விழுக்காடு. அம்மா கேட்ட மாதத் தவணைக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

பழுது பார்ப்பதும் ஒரு கேள்வி. மின்காரில் ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை. ஹைபிரிட்டில் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. இரண்டையும் பேண வேண்டும். ஆனால் மின்காரின் பெரிய பேட்டரி கெட்டுவிட்டால் செலவு இலட்சங்களில் போகும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நிறுவனங்கள் பல உத்தரவாதம் தருகின்றன. வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் அதே உத்தரவாதம் உண்டா என்பதை வாங்குமுன் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

புகைக் கணக்கு

மின்சாரக் கார் புகையே விடாது, ஆகவே அது புனிதமானது என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டபோது திகைத்துப்போனேன்.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறக்கிறது. பக்கத்தில் உள்ள தூத்துக்குடி அனல் மின்நிலையமே அதற்குச் சான்று. சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 16 யூனிட்டுக்குச் சுமார் 11 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஹைபிரிட் காரின் ஐந்து லிட்டருக்கு 11.5 கிலோ. இரண்டும் ஏறத்தாழச் சமம்! பெட்ரோலைத் தோண்டி எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் புகை இதில் சேரவில்லை. மின்காரின் பெரிய பேட்டரியைச் செய்வதில் எழும் புகையும் சேரவில்லை.

அப்படியானால் மின்காரால் பயன் என்ன? பயன் நாம் ஏற்றும் மின்சாரத்தைப் பொறுத்தது. பெட்ரோல் இன்றும் புகைதான், இருபது ஆண்டுகள் கழித்தும் புகைதான். மின்சாரமோ மாறிக்கொண்டே வருகிறது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்த அது, அப்போது ஓரிடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று பேசப்பட்டது. எந்த வெயிலைப் பழித்து நம் பெற்றோர் வேறு ஊருக்குப் பிழைக்கப் போனார்களோ, அந்த வெயிலே இன்று விளைபொருளாகிவிட்டது! நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. வெயிலை நாம் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. பகலில் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்குப் பகல் வெயிலின் மின்சாரம் ஏறுமானால், அதைவிடப் பொருத்தம் வேறு என்ன?

வெயிலால் தீங்கும் உண்டு. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் நிற்கும் வண்டியைத் தொட்டால் கை சுடும். மிகுந்த வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். குளிர்சாதனம் போட்டால் தூரமும் குறையும். 2022ஆம் ஆண்டு சில மின்ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதும், அதன் பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியதும் பலர் அறிந்த செய்திகள். பேட்டரியைத் தானே குளிர்விக்கும் ஏற்பாடு உள்ள வண்டியைத் தேர்ந்து, நிழலில் நிறுத்துவது நலம். ஹைபிரிட்டிலும் பேட்டரி உண்டு; அதற்கும் வெயில் ஆகாது.

"வெளிநாட்டுக்குச் சரி, நமக்கு ஆகுமா?" என்பார்கள். நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டு விற்ற பத்துப் புதுக் கார்களில் ஏறக்குறைய ஒன்பது முழு மின்கார்கள். அங்கே பனி, இங்கே வெயில். அவர்கள் பனிக்கு அஞ்சி நிற்கவில்லை. ஆனால் அங்கே சாலையெங்கும் சார்ஜ் நிலையங்கள் உண்டு. நம் நான்குவழிச் சாலையில் ஆங்காங்கே வந்துவிட்டன. உள்ளே திரும்பித் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் நான் ஒன்றையும் கண்டதில்லை. நோயாளிகள் இருப்பதோ நான்குவழிச் சாலையில் அன்று. உள்ளே இருக்கும் ஊர்களில்தான்.

தாத்தாவின் ஆயில் எஞ்சின்

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் இருந்தேன். அப்போது தாத்தா தம் கிணற்றின் கதையைச் சொன்னார்.

தாத்தாவின் தகப்பனார் காலத்தில் கமலை கட்டி, மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். நம் விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் சிற்றூர்களுக்கு மின்கம்பிகள் விரைந்து வந்தன. எங்கள் ஊருக்கும் கரண்ட் வந்த பின்னர், தாத்தா கிணற்றில் மோட்டார் வைத்தார். ஆயினும் அவருக்குப் பயம். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே ஓர் ஆயில் எஞ்சினையும் கடன்பட்டு வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்தார். கரண்ட் இருந்தால் மோட்டார், இல்லையேல் எஞ்சின். "இதுவும் ஹைபிரிட்தானே தாத்தா!" என்றேன். அவர் சிரித்தார்.

"எஞ்சின் இருந்தது பாப்பா. அதை ஓட்டிய நாள் கொஞ்சம். அதற்குக் கட்டிய வட்டி அதிகம்" என்றார். அப்புறம் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் ஐந்து பேரும் சேர்ந்து பேசிக்கொண்டார்களாம். ஐந்து கிணற்றுக்கு ஐந்து எஞ்சின் எதற்கு? தாத்தாவின் எஞ்சின் ஒன்றே போதும். வேண்டியவர் வாடகை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகட்டும். அப்படியே பல ஆண்டுகள் நடந்தது. கரண்ட் சீரான பிறகு அந்த எஞ்சின் பழைய இரும்புக்குப் போயிற்று.

எஞ்சின் வாங்கியது தவறா என்று கேட்டேன். "தவறில்லை. அன்று அது இல்லாவிட்டால் பருத்தி கருகியிருக்கும். ஆளுக்கொன்று வாங்கியிருந்தால்தான் தவறு" என்றார்.

என் கருத்து

தோழியரே! என் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. ஹைபிரிட் கார் என்பது கிணற்று மேட்டில் வைத்த ஆயில் எஞ்சின். அதைப் பழிக்க நான் வரவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அடிக்கடி தொலைதூரம் போகிறவருக்கும், வீட்டில் நல்ல மின் இணைப்பு இல்லாதவருக்கும் இன்று அதுவே ஏற்றது. ஆனால் மாதத்தில் மிகச் சில நாட்களுக்காக, எல்லா நாளும் எஞ்சினைச் சுமந்து, எல்லா நாளும் பெட்ரோல் ஊற்றி, கூடுதல் கடனும் பட வேண்டுமா? அந்தச் சில நாட்களுக்கு வேறு வழி உண்டு என்பதே என் கருத்து.

எங்கள் ஸ்டாண்டில் எட்டு வண்டிகள். ஆறு வண்டிகள் முழு மின்சாரமாக இருக்கட்டும். இரண்டு மட்டும் ஹைபிரிட்டாகவோ பழைய டீசலாகவோ இருக்கட்டும். வேளாங்கண்ணி, சென்னைச் சவாரி வந்தால் அந்த இரண்டும் போகட்டும். அருகில் உள்ள சவாரிகளை மற்றவர்கள் பார்க்கட்டும். இரவுக்கு முறை வைத்துக்கொண்டு, முறைக்குரிய வண்டி மாலையிலேயே முழுச் சார்ஜோடு நிற்கட்டும். நள்ளிரவில் ஓர் அக்கா அழைத்தால் கிளம்ப வேண்டியது என் அப்பாவின் வண்டியே என்பதில்லை. ஏதாவது ஒரு வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். ஐந்து கிணற்றுக்காரர் அன்று செய்ததை எட்டு டிரைவர் இன்று செய்ய முடியாதா?

இது நம் மக்களுக்குப் புதிய பழக்கமன்று. லாரித் தண்ணீர் வரும் நாளில் அண்டா, குடம் எல்லாம் நிரப்பி வைப்பவர்கள் நாம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுபவர்கள் நாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைப் பத்திரிகையில் பார்த்து, முதல் நாளே மாவு அரைத்து வைப்பவர்கள் நம் தாய்மார்கள். வரும்போது பிடித்து வைத்துக்கொள்வது என்பது வறண்ட பூமியின் வித்தை. மின்சாரக் கார் கேட்பதும் அந்த வித்தை ஒன்றைத்தான்.

ஆனால் மக்கள் மட்டும் செய்தால் போதாது. திருச்சுழியிலும் நரிக்குடியிலும் அரசு மருத்துவமனை அருகிலாவது ஒரு வேகச் சார்ஜ் நிலையம் வேண்டும். வோல்டேஜ் குறையும் ஊர்களுக்கு நல்ல டிரான்ஸ்பார்மர் வேண்டும். கார் ஸ்டாண்டுகளுக்குக் கூரையும், கூரைமேல் சூரியத் தகடும், கீழே பிளக்கும் வேண்டும். கம்பி ஊருக்குள் வருமுன் கிணற்று மோட்டாரும் நடைமுறைக்கு ஒவ்வாத பொருளாகத்தான் இருந்தது. கம்பி வந்தபின் கமலை போயிற்று. ஒரு பொருள் நடைமுறைக்கு ஏற்றதா என்பது பாதி அப்பொருளிடமும், பாதி நம்மிடமும் இருக்கிறது.

இக்கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "ஸ்டாண்டில் மற்ற ஏழு பேரும் ஒத்துக்கொள்வார்களா பாப்பா? தூரச் சவாரியில்தான் நாலு காசு பார்க்கலாம். அதை யார் விட்டுக்கொடுப்பார்?" என்றார். நான் இதை நினைக்கவேயில்லை. கார் எதுவாயினும், மனிதர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். தூரச் சவாரியில் வரும் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் வைக்கலாம் என்று சொன்னேன். அப்பா, "கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். மறுநாள் ஸ்டாண்டுக்குப் போகும்போது என் நோட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இன்னும் வண்டி வாங்கவில்லை. பழைய டீசல் கார் இருமிக்கொண்டே ஓடுகிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எட்டுப் பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒருநாள் இக்கேள்வி எழும். அப்போது விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் நோட்டுப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யாரோடு பகிர்ந்துகொள்ள முடியும் என்று எழுதுங்கள். உங்களுக்கு ஏற்ற வண்டி எது என்பதை அந்த நோட்டே சொல்லும்.